கண்ணாடி ஹெட்லைட் மங்கினால் முதலில் எந்தப் பக்கம் மங்கியது என்று பாருங்கள்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மகேந்திரா ஜீப், புல்லட் ஆகியவற்றின் 7 அங்குல வட்ட ஹெட்லைட்டுக்கு முன்பக்கம் அசல் கண்ணாடி. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இரண்டும் மங்கும். ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகும், மேல்பூச்சு உரியும். அதை வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புதுப் பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும். அதே வேலையைக் கண்ணாடியில் செய்தால் விளக்கு கெட்டுப்போகும். 800 நம்பர் தாள் கண்ணாடியில் போடும் கீறலை எடுக்க, அந்தக் கீறலைப் போட்ட நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும். பிளாஸ்டிக் லென்ஸுக்கென்று விற்கும் கிட்டுகளும், ‘பற்பசை தேய்த்தால் போதும்’ என்ற குறிப்புகளும் கண்ணாடிக்கு உதவாது. பற்பசை மேலே ஒட்டிய அழுக்கை எடுக்கலாம், கண்ணாடியில் விழுந்த கீறலை அதனால் தொடக்கூட முடியாது.

உங்கள் வண்டியில் இருப்பது எது என்று சந்தேகமா? நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், பிளாஸ்டிக் டொக்கென்று அடங்கும். காலையில் தொட்டால் கண்ணாடி சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் லென்ஸின் ஓரத்தில் பெரும்பாலும் ‘பிசி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வார்த்திருக்கும். இன்னொன்று, கண்ணாடி தானாக மஞ்சளாகாது. கண்ணாடி விளக்கு மஞ்சளாகத் தெரிந்தால் அந்த நிறம் உள்ளே படிந்த படலத்திலோ, பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரிலோ இருக்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

மங்கல் எங்கே இருக்கிறது?

வேலையில் பாதி இந்தச் சோதனைதான். மங்கல் நான்கு இடங்களில் இருக்கலாம்: கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டியது, வெளிப்புறத்தில் விழுந்த கீறலும் குழியும், உட்புறத்தில் படிந்தது, ரிஃப்ளெக்டர் கெட்டது.

லென்ஸைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரமாக இருக்கும்போது பாருங்கள். பிறகு துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் பளிச்சென்று தெளிந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான். நுண்கீறல்களையும் குழிகளையும் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறுவது குறைகிறது, அதனால் அந்தத் தற்காலிகத் தெளிவு. ஈரத்திலும் காய்ந்தபோதும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் கோளாறு உள்ளே. அடுத்து, இருட்டில் ஒரு டார்ச்சை லென்ஸின் ஓரத்தில் பக்கவாட்டாகப் பிடியுங்கள். சரிந்து வரும் ஒளியில் கீறல்கள் கோடுகளாகவும், மணல் அடித்த குழிகள் புள்ளிகளாகவும், உப்புக்கறை திட்டுத்திட்டாகவும் தெரியும். மூன்றாவதாக, பல்பைக் கழற்றிவிட்டு அதன் துளை வழியாகப் பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். ரிஃப்ளெக்டர் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். பால் படிந்தது போலவோ, பழுப்புத் திட்டாகவோ தெரிந்தால் வெளிக்கண்ணாடியில் உழைப்பது வீண்.

பல்பைத் தனியாகக் கழற்ற முடியாத பழைய சீல்டு பீம் விளக்கு என்றால் உட்புறத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதன் கண்ணாடிக் கூடு முழுவதுமே ஒரு பெரிய பல்பு. உள்ளே மங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

வெளியே ஒட்டியவை

நம் ஊரில் கண்ணாடி மங்க முதல் காரணம் போர்த் தண்ணீர். வெயிலில் வண்டியைக் கழுவி, துடைக்காமல் காயவிட்டால், தண்ணீர் ஆவியாகி அதிலிருந்த சுண்ணாம்பு லென்ஸில் தங்கிவிடும். இதற்குத் தேய்ப்பு வேண்டாம், புளிப்பு போதும். வெள்ளை வினிகரை அப்படியே பயன்படுத்தலாம். அல்லது மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு மேசைக்கரண்டியை 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கலாம். பருத்தித் துணியை அதில் நனைத்து லென்ஸ்மேல் போர்த்தி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கறை தடித்திருந்தால் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். குரோம் ரிம்மைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வது நல்லது, புளிப்பு அதில் நின்றால் துருவுக்கு வழியாகும். வெயிலில் சூடாக இருக்கும் கண்ணாடியில் எதையும் ஊற்ற வேண்டாம்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கண்ணாடியை அரிக்காதுதான். ஆனால் ரிம்மையும், சுற்றியுள்ள இரும்பையும், இடுக்கு வழியாகக் கசிந்தால் ரிஃப்ளெக்டரையும் தின்றுவிடும். அதைவிட மோசமானது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த அலாய் வீல் கிளீனர், துரு நீக்கி வகைகள். அந்த அமிலம் கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் எலும்புவரை பாதிக்கும். பாட்டிலில் ஃபுளோரைடு என்ற சொல் இருந்தால் விளக்குப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தார், பெயின்ட் தெறித்தது, ஸ்டிக்கர் பசை ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீர் ஈரத்தில் புது பிளேடால் சுரண்டலாம். பிளேடைப் படுக்கையாகச் சாய்த்து ஒரே திசையில் தள்ளுங்கள், முன்னும் பின்னும் இழுக்காதீர்கள். பிளேடில் துருவோ மூளியோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதற்கும் அசையாத உப்புக்கறைக்கு 0000 நம்பர் எஃகுக் கம்பளியை ஈரத்தோடு மெதுவாகத் தேய்க்கலாம். அவ்வளவு நுண்ணிய எஃகு கண்ணாடியைவிட மென்மையானது, கீறாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி அப்படியில்லை, அதில் ஒட்டியிருக்கும் மணல் ஒன்றே போதும். பிளாஸ்டிக் லென்ஸில் பிளேடு, எஃகுக் கம்பளி இரண்டுமே கூடாது.

பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். அப்படி முடிந்தால் பாலிஷ் பக்கம் போகாதீர்கள்.

சீரியம் ஆக்சைடு

கண்ணாடியின் கடினம் மோஸ் என்ற கடின அளவுகோலில் ஏறத்தாழ 5.5 முதல் 6. சாலைப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. அதனால்தான் புழுதி படிந்த லென்ஸைக் காய்ந்த துணியால் தினமும் துடைத்தால் சில வருடங்களில் வட்டம் வட்டமாகக் கீறல் விழுகிறது. இந்த நுண்கீறலை எடுக்க ஒரே உருப்படியான பொருள் சீரியம் ஆக்சைடு. வெளிர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாகவோ இருக்கும் மாவு. தொலைநோக்கி ஆடி தேய்ப்பவர்களும் இதைத்தான் கடைசிப் பாலிஷுக்கு வைத்துக்கொள்கிறார்கள். மற்ற தேய்ப்புப் பொடிகளைப்போல இது வெறுமனே அரைப்பதில்லை. தண்ணீர் பட்டு இளகும் கண்ணாடியின் மேல்தோலோடு வேதிவினை புரிந்து, அதை இழைத்து எடுக்கிறது. அதனால்தான் தண்ணீர் இல்லாமல் இது வேலை செய்யாது. கண்ணாடி வேலைப்பாட்டுக் கடைகளுக்குச் சரக்கு தருபவர்களிடம் கிடைக்கும். இரண்டு விளக்குக்கு 100 கிராம் தாராளம்.

விளக்கை வண்டியிலிருந்து கழற்றி மேசையில் வைத்துச் செய்வதே சரி. வண்டியிலேயே செய்தால் மாவும் தண்ணீரும் கலந்த குழம்பு பெயின்ட் இடுக்கெல்லாம் தெறித்துக் காய்ந்து, மாதக்கணக்கில் வெளிறி எட்டிப்பார்க்கும். 7 அங்குல விளக்கில் வெளி ரிம்மைக் கழற்றினால் உள்ளே விளக்கைப் பிடித்திருக்கும் வளையமும் அதற்கு மூன்று சிறு ஸ்குரூவும் தெரியும். அவற்றை மட்டும் தளர்த்துங்கள். பக்கத்தில் ஸ்பிரிங்கோடு நிற்கும் நீள ஸ்குரூக்கள் வெளிச்சத்தின் திசையைத் திருத்துபவை. அவற்றைத் திருகிவிட்டால் விளக்கு வானத்தையோ பள்ளத்தையோ பார்க்கும். பல்பைக் கழற்றி, பின் துளையைப் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு இறுக்கமாக மூடுங்கள். ஒரு சொட்டுக் குழம்பு உள்ளே போனாலும் ரிஃப்ளெக்டரில் கறையாகும்.

தொடங்குமுன் வெளிப்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலான விளக்குகளில் ஒளியைப் பரப்பும் வரிப்பள்ளங்கள் உட்புறம் இருக்கும், வெளியே வழவழப்பாக இருக்கும். அதனால்தான் வெளியே பாலிஷ் போட்டாலும் ஒளியின் வடிவம் மாறுவதில்லை. வெளியிலேயே வரி இருந்தால் மெஷின் வேண்டாம், கையால் மட்டும்.

ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர். மோர்க்குழம்பைவிடச் சற்றுத் தளர்வான பதம். மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கலக்குங்கள். காய்ந்த மாவைக் கையாளும்போது முகக்கவசம் அணியுங்கள், நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. 75 மி.மீ. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பேட், வேகம் குறைக்கக்கூடிய டிரில் வேண்டும். பேட்டரியில் ஓடும் டிரில்லே பாதுகாப்பு, தண்ணீரும் வீட்டு மின்சாரமும் ஒன்றாக இருக்க வேண்டிய இடமில்லை இது. பேடைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குழம்பைத் தடவி, லென்ஸில் வைத்த பிறகே ஓடவிடுங்கள். ஓடும் பேடை வைத்தால் குழம்பு சட்டையில் இருக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குப் பக்கத்தில் போதும். ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டுவது பெரிய தவறு. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், குழம்பு வீசிப் போய்விடும், காய்ந்த ஃபெல்ட் கண்ணாடியைச் சுடவைக்கும். சூடுதான் இந்த வேலையின் முதல் எதிரி. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒரு இடம் மட்டும் சூடாகி விரிய, சுற்றியுள்ள இடம் குளிர்ந்தே இருந்தால் நடுவில் இழுவிசை வந்து பட்டென்று விரிசல் விடும். ஏற்கெனவே கல் அடித்த குழி இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே பேடை ஒரு இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளியுங்கள், புறங்கையை லென்ஸில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறது என்றால் நிறுத்துங்கள். சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், தானாக ஆறவிடுங்கள்.

அழுத்தம் மிதமாக இருக்கட்டும், பேட் தட்டையாகப் படியட்டும். வட்ட லென்ஸ் குவிந்திருப்பதால் ஃபெல்ட்டுக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ஸ்பாஞ்ச் அடுக்கு இருந்தால் வளைவோடு ஒத்துப்போகும். பேடின் ஓரத்தைச் சாய்த்துக் கீறலைக் குறிவைத்து ஒரே இடத்தில் தேய்த்தால், கீறல் போய் அங்கே ஒரு பள்ளம் விழும். அது லென்ஸாக மாறி இரவில் சாலையில் தனிக் கோடாகத் தெரியும்.

முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: லென்ஸின் ஒரு பாதியை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு மறுபாதியில் மட்டும் பத்து நிமிடம் வேலை செய்யுங்கள். கழுவிக் காயவிட்டு, டேப்பை உரித்து, இரண்டு பாதியையும் பக்கவாட்டு ஒளியில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டால் உங்கள் லென்ஸில் இருப்பது பாலிஷுக்கு அடங்காத குழி. மனக்கணக்கில் ‘கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கிறது’ என்று மணிக்கணக்காகத் தேய்ப்பதை இந்த டேப் தடுக்கும்.

துடைத்ததால் விழுந்த நுண்கீறலை எடுக்க ஒரு விளக்குக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். குழம்பு லென்ஸில் காயக் கூடாது, எழுத்து வார்த்த இடங்களில் தங்குவதைப் பழைய டூத் பிரஷ்ஷால் ஈரத்திலேயே எடுத்துவிடுங்கள். பேட் கீழே விழுந்தால், தூசி எடுக்க ஊதித் தட்டி மறுபடி வைக்காதீர்கள். ஒரு மணல் துகள் உங்கள் ஒரு மணி நேர வேலையை வட்டக் கீறலாக்கிவிடும். நன்றாக அலசுங்கள், சந்தேகமிருந்தால் புது பேட் போடுங்கள்.

பாலிஷுக்கு அடங்காதவை

நகம் சிக்கும் கீறலைச் சீரியம் எடுக்காது. எடுக்க வேண்டுமென்றால் முதலில் சிலிக்கன் கார்பைடு என்ற கடினமான அரைப்புப் பொடியால் அரைத்து, படிப்படியாக நுண்ணிய பொடிக்கு மாறி, கடைசியில் சீரியத்துக்கு வர வேண்டும். செய்ய முடியும். ஆனால் செய்யத் தகாது என்பதே என் கருத்து. அவ்வளவு அரைத்தால் பரப்பு அலையடிக்கும், சாதாரண 7 அங்குல விளக்குக்கு அந்த உழைப்பு கட்டுப்படியாகாது. இந்த அளவு உலகம் முழுக்க நிலையானது, டிம், பிரைட் இரண்டும் ஒன்றிலேயே வரும் எச்4 பல்பு போடும் புது விளக்கு எளிதாகக் கிடைக்கும். கிடைக்காத வடிவம், அசல் கம்பெனி முத்திரையோடு வந்த பழைய லென்ஸ், இப்படி மாற்றே இல்லாதவற்றுக்கு மட்டும் அந்தப் பாடு படலாம்.

மணல் அடித்த குழிகளும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடிய வண்டிகளில் அதிகம் இருக்கும், தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஃபாக் லைட்டில் இன்னும் அதிகம். பாலிஷ் போட்டால் குழியின் விளிம்பு மழுங்கி வெளிச்சச் சிதறல் ஓரளவு குறையும், குழி போகாது. கல் பட்டு நட்சத்திரமாகத் தெறித்த இடத்துக்கு காரின் விண்ட்ஷீல்டுக்குப் போடும் புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினைச் சொட்டாக இறக்கி, வெயிலில் இறுகவிட்டு, மிஞ்சியதைப் பிளேடால் சீவலாம். விரிசல் ஓடாமலும் தண்ணீர் இறங்காமலும் தடுக்கும். விரிசல் ஓரம்வரை ஓடிவிட்டால் விளக்கை மாற்றுங்கள்.

உட்புறம்

உள்ளே மங்க முக்கியக் காரணம் பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி. அது கிழிந்தோ விறைத்தோ போனால் புழுதியும் ஈரமும் நேராக உள்ளே போகும். விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி வெளியேறும், அணைந்து ஆறும்போது வெளிக்காற்றை உறிஞ்சும். மழையில் ஓடிய இரவில் அந்தக் காற்றோடு ஈரமும் வரும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் மூடி. விளக்கைக் கழற்றினாலே புதிதாக மாற்றிவிடுங்கள்.

7 அங்குல விளக்கில் கண்ணாடி ரிஃப்ளெக்டரோடு ஒட்டப்பட்டிருக்கும், பிரிக்க முயன்றால் உடைவதே அதிகம். பிரிக்காமல் பல்புத் துளை வழியாகக் கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. கால் டம்ளர் உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள், தெளிவாக வரும்வரை. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை, கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டி, துளை கீழே பார்க்கும்படி நிழலில் ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, காய்ந்ததும் உள்ளே உப்புப் புள்ளி விழும், அதைத் துடைக்க வழியில்லை.

துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் துடைக்கும் ஆசை வரும். ரிஃப்ளெக்டரில் படாமல் கண்ணாடியை மட்டும் துடைக்க முடியுமானால் செய்யுங்கள். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், ஒரு மைக்ரானைவிட மெலிது. ஒரு இழுப்பில் போய்விடும். போனதற்குக் குரோம் முலாம் மாற்றாகாது. அலுமினியம் படும் ஒளியில் 90 சதவீதம் அளவுக்குத் திருப்பும், குரோம் 65 சதவீதம் அளவுக்குத்தான். வெள்ளி ஸ்பிரே பெயின்ட் ஒளியைச் சிதறடிக்கும், விளக்கு எரியும் ஆனால் சாலை தெரியாது.

கண்ணாடி தெளிந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரி முனையிலும் பல்பு சாக்கெட்டிலும் வோல்ட் பாருங்கள். வோல்ட் சற்றுக் குறைந்தாலும் பல்பின் வெளிச்சம் வெகுவாகக் குறையும், ஏறக்குறைய வோல்ட்டின் 3.4 அடுக்கில் மாறும். பேட்டரியில் 13.8 இருந்து சாக்கெட்டில் 11.8 வந்தால் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு போய்விட்டது. பழைய வண்டிகளில் இரண்டு 60 வாட் பல்பின் 10 ஆம்பியரும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போவதும், துருப்பிடித்த எர்த்தும்தான் காரணம். இதற்குத் தீர்வு: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்), பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு 2.5 சதுர மி.மீ. ஒயர், விளக்கருகே சுத்தமான எர்த். இதைச் செய்யாமல் 100/90 வாட் பல்பு போட்டால் சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும், சட்டத்துக்கும் ஆகாது.

திருப்பி மாட்டும்போது

புது விளக்கோ, பழைய கடையில் எடுத்ததோ வாங்கினால் லென்ஸில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய முறை முத்திரை உள்ள விளக்கில், எதிரே நின்று பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது நம்மைப்போல் இடப்புறம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்பே இல்லாவிட்டால் வலப்புறம் ஓட்டும் நாட்டுக்கானது. அதன் டிம் ஒளி எதிரே வருபவர் கண்ணில் நேராக ஏறும். கண்ணாடி எவ்வளவு தெளிவோ அவ்வளவு கூசும்.

மாட்டிய பிறகு சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் ஒளியின் கிடைமட்ட மேல்விளிம்பு அந்த டேப்புக்கு 7 முதல் 10 செ.மீ. கீழே விழ வேண்டும், இடப்பக்கம் மட்டும் சரிந்து மேலேற வேண்டும். மேலே உள்ள ஸ்குரூ உயரத்துக்கு, பக்கத்தில் உள்ளது இடவலத்துக்கு. ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைத் திருத்துங்கள், இரண்டும் சேர்ந்து எரிந்தால் எந்த விளிம்பு எதனுடையது என்று தெரியாது.